பான்-பான் சுருக்கெழுத்து இல்லை

விமானிகள் அவசர நிலையில் ரேடியோவில் சொல்லும் 'பான்-பான்' என்பது 'பாசிபிள் அசிஸ்டன்ஸ் நீடட்' (உதவி தேவைப்படலாம்) என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று சொல்கிறார்கள். அது தப்பு. சொல் புழக்கத்துக்கு வந்த பிறகு, P, A, N என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பொருத்தமாக யாரோ உட்கார்ந்து கோத்த விரிவு அது, படிக்க அழகாக இருப்பதால் பரவிவிட்டது.

நிஜத்தில் இது பிரெஞ்சுச் சொல். 'பான்' என்றால் பழுது, கோளாறு. நடுரோட்டில் கார் நின்றுபோனாலும் பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். விமானிகளின் இன்னொரு அபாய அழைப்பான 'மேடே'யைப் பாருங்கள், அதற்கும் மே மாதத்துக்கும் சம்பந்தமே இல்லை, 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருள் தரும் 'மேதே' என்ற பிரெஞ்சு உச்சரிப்பிலிருந்து வந்தது. 1920களில் லண்டன் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்ட் உருவாக்கியது. அங்கிருந்து நிறைய விமானங்கள் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்குத்தான் போய்வந்தன, அதனால் இரண்டு பக்கமும் புரிகிற சொல் தேவைப்பட்டது. 1927 வாஷிங்டன் ரேடியோ மாநாட்டில் 'மேடே' அதிகாரபூர்வமானது.

அப்புறம், பான்-பானும் மேடேயும் ஒன்றல்ல. உடனடி உயிராபத்து என்றால் மேடே. அவசரம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் பான்-பான், அதையும் மூன்று முறை சொல்ல வேண்டும்.