தேடாத நோய்க்கு நெகட்டிவாம்!

எங்கள் நாய் வளர்ப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீட்டு லாப்ரடார் புரூனோ. அதன் காய்ச்சல் விஷயத்தில் இனி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று அந்த வீட்டுக்காரர்கள் குரூப்பில், ஒரு துளி ரத்தம் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கிற அந்த டெஸ்ட் கிட் போட்டோவை மறுபடியும் போட்டு, "நாங்கதான் டெஸ்ட் எடுத்தோமே, உண்ணிக் காய்ச்சல் நெகட்டிவ்னுதானே வந்துச்சு, சிலர் சும்மா பீதியைக் கிளப்பினாங்க" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் 'சிலர்' யார் என்று உங்களுக்கும் தெரியும்.

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த கிட் எதைத் தேடுகிறது? உண்ணியால் பரவுகிற எர்லிக்கியா, அனபிளாஸ்மா, லைம், அப்புறம் இதயப்புழு. அவ்வளவுதான். உண்ணிக் காய்ச்சலில் இன்னொரு வகையான பபேசியா, அதாவது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை அழிக்கிற ஒட்டுண்ணி, அதில் கிடையாது. கிடையாத நோய்க்கு எப்படிங்க கோடு விழும்? ஈறு வெளுத்து, மூத்திரம் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போகிற நாய்க்கு, தேடவே தேடாத ஒன்றை 'இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"பபேசியாவுக்கும் கிட் இருக்கே" என்று ஒரு அறிவாளி வருவார். இருக்கிறது. அதில் பெரும்பாலும் பார்ப்பது ஒட்டுண்ணியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடியை. அது உண்டாக நாளாகும். காய்ச்சல் வந்த புதிதில் நெகட்டிவ் காட்டும், குணமாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டும். இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவீர்கள்?

"ஸ்மியரும் பார்த்தாச்சு" என்கிறார்கள், கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை. பார்த்தார்கள், முன்னங்காலில் எடுத்த ரத்தத்தில். பபேசியாவில் சின்ன வகையான 'கிப்சோனை' சிவப்பணுவுக்குள் புள்ளியாகவும் சின்ன வளையமாகவும்தான் தெரியும். ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பழகின கண்ணுக்கே தப்பிவிடும். காது நுனியில் குத்தி எடுக்கும் துளியில் மாட்டுகிற வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் அங்கே எடுக்கச் சொல்வது. அதைத்தான் அன்றைக்கு நானும் சொன்னேன். உடனே நான் 'கூகுள் டாக்டர்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த கிப்சோனையை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே மெட்ராஸ்தான். 1910-இல் பேட்டன் என்பவர் 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் கண்டுபிடித்து, அப்புறம் நரியின் ரத்தத்திலும் பார்த்து எழுதினார். வெள்ளைக்காரனின் வேட்டை நாய்க்கு அப்போதே மைக்ராஸ்கோப் கிடைத்திருக்கிறது. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இன்று நான் கேட்டால் திமிர்.

எங்கள் வீட்டு நாட்டு நாய் செவலைக்குக் காய்ச்சல் வந்தபோதும் இதே கிட், இதே நெகட்டிவ். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார்கள். அது எர்லிக்கியாவுக்குக் கேட்கும், பபேசியாவுக்கு அது மட்டும் போதாது. ரத்தத்தில் ஒட்டுண்ணியின் மரபணுவையே தேடுகிற பிசிஆர் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் செவலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நாடன் பட்டியல்லே, சேச்சீ?" என்றான். நாட்டு நாய்தானே அக்கா, என்று அர்த்தம். பக்கத்தில் பொமரேனியனை மடியில் வைத்திருந்த அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. வேறு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், கிப்சோனைதான். அட்டோவகோனும் அசித்ரோமைசினும் பத்து நாள். அட்டோவகோனை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து, முட்டையில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். பெரிய வகை பபேசியாவுக்குப் போடுகிற இமிடோகார்ப் ஊசி இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. எந்த வகை என்றே தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

"டாக்டரைவிட உனக்குத் தெரியுமா?" தெரியாது. அதனால்தான் கேள்வி கேட்டேன். கேட்பதற்குமா படிப்பு வேண்டும்?

"பிசிஆர் மட்டும் ஒசத்தியா?" இல்லை. ரத்தத்தில் ரொம்பக் குறைவாக இருந்தால் அதுவும் தவறவிடும். மருந்து முடிந்து இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் திரும்பப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

செலவு என்கிறீர்கள். முடியாதவர்கள் முடியாது என்று சொல்லட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் லாப்ரடார் வாங்க அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் என்னிடம் செலவுக் கணக்கு பேச வேண்டாம். நாட்டு நாய் வளர்க்கிறவளுக்கு என்ன தெரியும் என்பதுதானே உங்கள் உண்மையான எண்ணம்? எனக்கு இது பழக்கம்தான். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் போனால் 'பாண்டி', பொள்ளாச்சிக்குப் போனால் 'மலையாளத்துக்காரி'. இங்கேயும் சொல்வதை விட்டுவிட்டு யார் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கிறீர்கள். இதையே புரொஃபைல் படத்தில் கோட் போட்ட ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்தால் கை கூப்பியிருப்பீர்கள்.

புரூனோ வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது. இரண்டும் கடித்துக்கொண்டு சண்டை போட்ட வீடியோவை அவர்களே போட்டிருந்தார்கள். கிப்சோனை உண்ணியால் மட்டுமில்லை, கடியாலும் பரவும். அந்த இன்னொரு நாய்க்காவது பிசிஆர் எடுங்கள் என்று நேற்று ராத்திரி குரூப்பில் எழுதினேன். காலையில் பார்த்தால் அட்மின் அழித்திருக்கிறார். அந்த கிட் போட்டோ மட்டும் இன்னும் இருக்கிறது, கீழே ஒரே ஹார்ட்டாக.