இவ்வளவு பெரிய கடல்ல என் தூண்டில் மேலதான் ஓட்டணுமா?

பூமியில பத்துல ஏழு பங்கு தண்ணின்னு சின்ன வகுப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்த ஏழு பங்குல நான் கேக்கறது ஒரு நூறு மீட்டர் வட்டம். அதுவும் விடியறதுல இருந்து வெயில் ஏறுற வரைக்கும்தான். அதைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கறீங்களே, பெரிய இன்ஜின் படகுக்காரங்களே! உங்களைத்தான் சொல்றேன்.

தனியா சின்னப் படகுல போறவனுக்கு எல்லா வேலைக்கும் அவன்தான் ஆள். நங்கூரம் இறக்கறவனும் அவன், இரை கோர்க்கறவனும் அவன், திசை பாக்கறவனும் அவன். இருட்டோட கிளம்பி, மீன் கூடற கடலடிப் பாறைத் திட்டு, அதான் ‘பார்’, எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சு, நீரோட்டத்துக்கு மேல்பக்கமா போய் நங்கூரத்தைப் போட்டு, படகு பார் விளிம்புக்கு மேல வந்து நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கயிறு விடணும். நங்கூரம் நல்லா பிடிக்கணும்னா ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு கயிறு வேணும். 20 மீட்டர் ஆழம்னா 100 மீட்டர். எவனோ வந்து இடத்தைக் கெடுத்துட்டான்னா அந்த நூறு மீட்டரையும் ஒத்தை ஆளா இழுத்து ஏத்திட்டு, திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். விரல் இடுக்குல உப்பும் கயித்துத் தழும்புமா எரியும். பட்டனை அமுக்கினா நங்கூரம் தானா மேல வர்ற படகுல இருந்து பாக்கறவங்களுக்கு இது எங்க புரியப் போகுது?

எல்லாம் சரியா அமைஞ்சு, தூண்டில் கம்பு நுனி லேசா ரெண்டு தட்டு தட்டும் பாருங்க. மீன் இரையை மோந்து பாக்குது. கையில தங்கூஸ் நரம்பைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நிக்கற நேரம். அப்பதான் பின்னால ‘ங்ங்ஙொய்ய்’னு சத்தம். திரும்பறதுக்குள்ள படகுக்குப் பின்னால முப்பது மீட்டர்ல குறுக்க பாயறான். ரீல் கிறீச்சுனு அலறுது. மீனா? மீன் இல்ல சாமி, அவன் ப்ரொப்பல்லர்! ரீல்ல இருந்த நரம்பு பாதி போச்சு, தூண்டில் போச்சு, ஈயம் போச்சு.

இதுல அவனுக்கும் நஷ்டம்தான், அது அவனுக்கே தெரியாது. நரம்பு ப்ரொப்பல்லர் தண்டுல சுத்தி உள்ள ஏறினா, அங்க எண்ணெய் கசியாம அடைச்சிருக்கற ‘சீல்’ வளையத்தை அறுத்துரும். கியர் ஆயில்ல உப்புத் தண்ணி இறங்கி, ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போகும். அப்ப மெக்கானிக் நீட்டற பில்லைப் பாத்து நெஞ்சுல அடிச்சுப்பான். எனக்கு அதுல துளியும் வருத்தம் கிடையாது.

அலையைப் பத்தி சொல்லியே ஆகணும். அவன் போய் அரை நிமிஷம் கழிச்சுதான் அது வந்து சேரும். அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, வாங்கினா ஏறி இறங்கிரலாம். பக்கவாட்டுல வாங்கினா படகு ஆடற ஆட்டத்துல நிக்கறவன் கடல்ல இருப்பான். ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் கை குடுத்துத் தூக்கலாம். தனியா இருந்தா யாரு தூக்குவா, மீனா?

இதைவிட வயித்தெரிச்சல், ‘நல்லவங்க’ குடுக்கற தொல்லை. நம்மளைப் பாத்ததும் மரியாதையா வேகத்தைப் பாதியாக் குறைப்பாங்க. ஐயா, அதுதான் இருக்கறதுலயே மோசம்! முழு வேகத்துல தண்ணி மேல சறுக்கிக்கிட்டுப் போற படகு, பாதி வேகத்துக்கு இறங்கினா மூக்கைத் தூக்கி வாலை அமுக்கி, ஒரு மலையையே பின்னால இழுத்துக்கிட்டு வரும். குறைக்கறதா இருந்தா தூரத்துலயே நடக்கற வேகத்துக்குக் குறைங்க. இல்லையா, அதே வேகத்துல ரொம்பத் தள்ளி போயிருங்க. அரைகுறைப் புண்ணியம் எங்களுக்கு வேண்டாம்.

விசில் ஊதக் கூடாதான்னு கேப்பீங்க. ஊதாம இருப்பேனா? எதிர்ல வர்றவன் என்ன செய்யப் போறான்னு புரியலைன்னா, அஞ்சு தடவை குறுக்கிக் குறுக்கி வேகமா ஊதணும், அதான் கடல் வழக்கு. ஊதினேன். சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுப் போறான், என்னமோ நான் அவனுக்கு வணக்கம் சொன்ன மாதிரி!

சட்டம் பேசறவங்களும் இருக்காங்க. “கம்பு போட்டு உக்காந்திருக்கவன் எல்லாம் மீன்பிடிப் படகு ஆயிர முடியாது, உனக்கு ஒண்ணும் தனி உரிமை கிடையாது.” சரி, ஒத்துக்கறேன். 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்ல அந்தச் சலுகை, படகைத் திருப்ப முடியாதபடி வலையோ கயிறோ போட்டிருக்கறவங்களுக்குத்தான். ஆனா அதே விதிகள்ல 5-ம் விதின்னு ஒண்ணு இருக்கே, அதை யாரு படிப்பா? எந்தப் படகா இருந்தாலும் எந்த நேரமும் கண்ணாலயும் காதாலயும் கவனிச்சுக்கிட்டே போகணும். அடுத்த விதி பாதுகாப்பான வேகம். பாட்டைக் காது கிழிய வச்சுக்கிட்டு, பின்னால இருக்கறவங்ககூடக் கதை பேசிக்கிட்டே ஓட்டறவனுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல.

ஆலாப் பறவைக் கூட்டம் தண்ணிக்குள்ள குத்திக் குத்திப் பாயறதைப் பாத்துட்டா இவங்களுக்குக் கிறுக்கே பிடிச்சுரும். கீழ சூரை மீன் பொடிமீனைத் துரத்தி மேல ஏத்தியிருக்கும். ஓரமா வந்து, இன்ஜினை அணைச்சு, காத்து தள்ளற போக்குல நெருங்கி, கூட்டத்தோட விளிம்புல தூண்டிலை வீசினா எல்லாருக்கும் மீன் கிடைக்கும். இவங்க நேரா நட்ட நடுவுல விடுவாங்க. தண்ணிக்குள்ள சத்தம், காத்துல போறதைவிட நாலு மடங்கு வேகமாப் போகும். சூரை ஒரே அமுக்கா அடிக்குப் போயிரும், பறவையும் கலைஞ்சிரும். அப்புறம் “இன்னிக்குக் கடல்ல மீனே இல்லப்பா”ன்னு ஒரு விளக்கம் வேற.

நேத்து ஒரு மகான். என் நரம்பை அறுத்துட்டுப் போனவரேதான். ஒரு சுத்து சுத்திட்டு வந்து, எனக்கு நேர் மேல்பக்கமா நங்கூரத்தைப் போட்டாரு. கயிறை ஒழுங்கா விடாததால நங்கூரம் பிடிக்கல, படகு பின்னாலயே நழுவி நழுவி என் அணியத்துக்கிட்ட வந்து நிக்குது. நான் காலை நீட்டி அந்தப் படகைத் தள்ளிக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல எட்டிப் பாத்துக் கேக்கறாரு:

“தம்பி, இரை மிச்சம் ஏதும் இருக்கா?”