ஒத்தெல்லோவுக்குப் பொறாமை கிடையாது

அக்கா மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருடம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடக நோட்ஸை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள்: ‘ஹீரோவின் குறை: பொறாமை.’

“யார் மேலம்மா பொறாமை அவனுக்கு?”

“காசியோ மேல, மாமா.”

“காசியோகிட்ட இருக்கிற எதைப் பார்த்து?”

கொஞ்சம் யோசித்தாள். “தெரியல மாமா. நோட்ஸ்ல ஜெலஸினு போட்டிருக்கு. ஜெலஸின்னா பொறாமைதானே?”

அவள் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லிலேயே இரண்டையும் அடைத்துவிடுகிறார்கள். நமக்கு இரண்டும் வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வருவது பொறாமை. மனைவியின் போன் மணி அடித்ததும் காது விடைத்தால் அது சந்தேகம். ஒத்தெல்லோ முழுக்க முழுக்கச் சந்தேகக் கேஸ். பொறாமைக்காரன் அந்த நாடகத்தில் இன்னொருத்தன் இருக்கிறான். அவனுடைய வயிற்றெரிச்சல் இவன் தலைக்குள் போய்ச் சந்தேகமாக முளைத்ததுதான் மொத்தக் கதையும் என்பது என் கட்சி.

நாடகம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வெனிஸ் நகர ஆட்சிக்கு வேலை செய்யும் படைத்தளபதி ஒத்தெல்லோ. மூர் இனத்தவன், கறுப்பன், வெளியூர்க்காரன். அந்த ஊர்ப் பிரமுகர் மகள் டெஸ்டிமோனா அப்பாவுக்குத் தெரியாமல் அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். துருக்கியர் படை வருகிறது என்று அவனைச் சைப்ரஸ் தீவுக்கு அனுப்புகிறார்கள். தனக்கு அடுத்த பதவியை அவன் காசியோ என்பவனுக்குக் கொடுத்திருக்கிறான். அதை எதிர்பார்த்துக் காத்திருந்த இயாகோ ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறான். டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒத்தெல்லோவிடம் அவன் வத்தி வைக்கிறான். ஒத்தெல்லோ மனைவியைக் கட்டிலிலேயே மூச்சடைத்துக் கொன்று, உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான். 1604 நவம்பர் 1 அன்று லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் இதை நடித்ததாகப் பதிவு இருக்கிறது. நம்மில் பலருக்கு இது முதலில் அறிமுகமானது 1963-இல் வந்த ரத்தத் திலகத்தில் சிவாஜியும் சாவித்திரியும் மேடையில் நடிக்கும் அந்தச் சில நிமிடங்கள் வழியாகத்தான்.

இயாகோ ஏன் இதைச் செய்தான் என்று இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், அவனுடையது காரணமே இல்லாத வன்மம், தனியாகப் பேசும்போதெல்லாம் அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றார். பெரிய மனிதர்தான். ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. பதவி கிடைக்காத கடுப்பு ஒன்று. தன் மனைவி எமிலியாவோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு என்பது இன்னொன்று. அந்த நினைப்பு விஷம்போல என் உள்ளே கிடந்து குடலை அரிக்கிறது என்கிறான் இயாகோ. நாம் வயிற்றெரிச்சல் என்று சொல்வதை அந்த ஆள் நோய்க்குறி மாதிரி விவரித்திருக்கிறான்! ஆக, சந்தேகம் எப்படி அரிக்கும் என்பது அவனுக்குச் சொந்த அனுபவம். தனக்கு வந்த காய்ச்சலை அடுத்தவனுக்கு ஒட்டிவிடுகிறான்.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடியும்போது அவன் கேட்ட பதவி அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. ‘இனி நீதான் என் துணைத்தளபதி’ என்று ஒத்தெல்லோ வாயாலேயே சொல்லிவிடுகிறான். பதவிதான் பிரச்சினை என்றால் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கடைசி அங்கத்தில், காசியோவைக் கொல்ல இருட்டில் காத்திருக்கும்போது சொல்கிறான்: அவன் வாழ்க்கையில் தினமும் ஓர் அழகு இருக்கிறது, அதன் பக்கத்தில் நான் அசிங்கமாகத் தெரிகிறேன். நாடகத்திலேயே என்னைப் பயமுறுத்தும் வரி இதுதான். காசியோ அவனுக்கு எதுவும் செய்யவில்லை. சும்மா நன்றாக இருந்தான், அவ்வளவுதான்.

சரி, ஒட்டிவிடும் வேலையை எப்படிச் செய்கிறான்? அந்த மூன்றாம் அங்கக் காட்சியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அதற்கு முன்பே காசியோவைக் குடிக்கவைத்து, அடிதடியில் மாட்டிவிட்டு, வேலை போக வைத்தாயிற்று. ‘அம்மாவிடம் போய்க் கெஞ்சு, அவர் சொன்னால் தளபதி கேட்பார்’ என்று யோசனை சொன்னவனும் அவனே. காசியோ வந்து டெஸ்டிமோனாவிடம் கெஞ்சிவிட்டு, தளபதியைப் பார்க்கக் கூச்சப்பட்டு நழுவுகிறான். தூரத்தில் ஒத்தெல்லோவும் இயாகோவும் வருகிறார்கள். இயாகோ முணுமுணுக்கிறான்: ‘ம்… இது எனக்குப் பிடிக்கல.’

‘என்ன சொன்னே?’

‘ஒண்ணுமில்லீங்க.’

மொத்த விஷமும் அந்த ‘ஒண்ணுமில்லீங்க’வில் இருக்கிறது. பிறகும் அவன் குற்றம் எதையும் சொல்வதில்லை. கேள்வி கேட்கிறான். நீங்கள் அம்மாவைக் காதலித்த காலத்தில் காசியோவுக்கு விஷயம் தெரியுமா? தெரியும் என்றால், ‘அப்படியா!’ அவன் யோக்கியன்தானே என்று ஒத்தெல்லோ கேட்டால், ‘யோக்கியனான்னா கேக்கறீங்க?’ நீ என்ன நினைக்கிறாய் என்றால், ‘நினைக்கிறதா?’ நான் சொல்வதையே இவன் எதிரொலிக்கிறானே, மனசுக்குள் ஏதோ பூதத்தை ஒளித்து வைத்திருக்கிறான் போலிருக்கிறதே என்று ஒத்தெல்லோவே புலம்புகிறான். சொல்லு, சொல்லு என்று கெஞ்சுவது தளபதி. வேண்டாங்க என்று பின்வாங்குவது இயாகோ. போதாததற்கு, சந்தேகம் என்பது பச்சைக் கண் பூதம், அதற்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள் என்று புத்திமதி வேறு!

ஒத்தெல்லோ ஏன் இவ்வளவு சுலபமாக விழுந்தான் என்று கேட்பார்கள். இயாகோ கை வைத்த இடம் அப்படி. ‘எங்க ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியாமல் செய்வார்கள்’ என்கிறான். வெளியூர்க்காரன் இதற்கு என்ன பதில் சொல்வான்? எத்தனை போர் ஜெயித்தாலும் அந்த ஊரின் வீட்டுக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது. ‘அப்பாவையே ஏமாற்றித்தானே உங்களைக் கட்டிக்கொண்டாள்’ என்பது அடுத்த அடி. இதையே டெஸ்டிமோனாவின் அப்பா சபையில் சாபம்போலச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒத்தெல்லோ தன் வாயாலேயே சொல்கிறான்: நான் கறுப்பன் என்பதாலோ, வயதாகிவிட்டதாலோ… இயாகோ வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அந்த மனிதனுக்குள் ஏற்கெனவே இருந்த பயத்தைத் தட்டி எழுப்பினான்.

அப்புறம் அந்தக் கைக்குட்டை. ஸ்ட்ராபெரிப் பழங்கள் பூவேலை செய்த கைக்குட்டை, ஒத்தெல்லோ கொடுத்த முதல் பரிசு. தலைவலி என்கிறான். அவள் அதை நெற்றியில் கட்ட வருகிறாள். சின்னதாக இருக்கிறது, விடு என்று அவன் விலக்க, அது கீழே விழுகிறது. அவன் கண்ணெதிரிலேயே! பிறகு அதே கைக்குட்டை காசியோ கையில் இருந்ததாகக் கேள்விப்பட்டதும், எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தன் தலைவலி ஞாபகம் வந்திருக்கும். 1693-இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்கா இத்தனை கலாட்டா, மனைவிமாரே உங்கள் துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதன் நீதி என்று கிண்டல் செய்தார். பாவம், வாட்ஸ்ஆப்பில் இரவு இரண்டு மணி ‘லாஸ்ட் சீன்’ பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடப்பவர்களை அவர் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தவனுக்குக் காற்றுபோல லேசான அற்ப விஷயமும் வேதவாக்கு என்று இயாகோவே சொல்கிறான்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர், “சார், உங்க ஃபிரண்டு மேனேஜர் ரூம்ல ரொம்ப நேரமா… சரி விடுங்க, எனக்கெதுக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். விட்டேனா? டீக்கடை வரைக்கும் பின்னாலேயே போய், என்ன விஷயம் என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த நண்பனோடு பேச்சே இல்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அன்றைக்கு உள்ளே போனது தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்க.

அதனால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் நாடகத்தில் எமிலியா வரும் இடங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கைக்குட்டையை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தவள் அவள்தான். கைக்குட்டை எங்கே போச்சோ என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, எனக்குத் தெரியாதும்மா என்று சொன்னவளும் அவள்தான். கொலை நடந்த பிறகு உள்ளே வருகிறாள். டெஸ்டிமோனா மேல் பழி சொல்லாதே என்கிறாள். உன் புருஷனையே கேட்டுப் பார் என்கிறான் ஒத்தெல்லோ.

‘என் புருஷனா?’

மறுபடியும் விளக்குகிறான். மறுபடியும், ‘என் புருஷனா?’ ஏன் சொன்னதையே சொல்கிறாய் என்று அவன் எரிந்து விழும்வரை கேட்கிறாள். இயாகோவும் இப்படித்தான் வார்த்தையைத் திருப்பிக் கேட்டான். அவன் தெரிந்தே கேட்டான். இவளுக்கு ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. பிறகு எல்லோர் முன்னாலும் உடைக்க ஆரம்பிக்கிறாள். வாயை மூடு, வீட்டுக்குப் போ என்கிறான் இயாகோ. கொஞ்ச நேரத்தில் அவன் கத்தியை உருவப்போகிறான்.

‘நான் இனிமே வீட்டுக்கே வராமலும் போகலாம், இயாகோ’ என்கிறாள்.