புண்ணைக் கிளறாதே என்று சொல்பவர் யார்?

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர்க் காலத்துச் சவக்குழி ஒன்றை எங்காவது தோண்ட வேண்டும் என்று பேச்சு எடுத்தால் போதும், "பழைய புண்ணைக் கிளறாதீர்கள்" என்று ஒரு குரல் வந்துவிடும். பல வருடங்களாக இந்த விவாதத்தைப் படித்துவருகிறேன். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோருடைய வீட்டில் செத்தவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லறையில் பெயர் இருக்கிறது. மற்றவர்களுடைய வீட்டுச் சாவு சாலையோரப் பள்ளத்தில் கிடக்கிறது. புண் ஆறிவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

1936 ஜூலையில் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராக ராணுவக் கலகம், உள்நாட்டுப் போர், 1939 ஏப்ரல் 1 அன்று கலகக்காரர்களின் தலைவர் ஃபிராங்கோவின் வெற்றி அறிவிப்பு, பிறகு 1975 நவம்பர் 20 அன்று அவர் மருத்துவமனைப் படுக்கையில் சாகும்வரை சர்வாதிகாரம். வரலாறு என்று கேட்டால் இவ்வளவுதான். வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பது வேறு கதை.

மச்சாதோ சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவேல், அந்தோனியோ இருவருமே கவிஞர்கள், சேர்ந்து நாடகங்கள் எழுதியவர்கள். 1936 ஜூலையில் மனுவேல் தன் மனைவியோடு புர்கோஸ் நகரத்துக்குப் போனார். கன்னியாஸ்திரியாக இருந்த மைத்துனியைப் பார்க்கத்தான். போன இடத்தில் கலகம் வெடித்து, புர்கோஸ் ஃபிராங்கோ தரப்பின் கைக்குப் போய்விட்டது. மனுவேல் அங்கேயே மாட்டிக்கொண்டார். சில நாள் சிறை, அப்புறம் ஃபிராங்கோவைப் புகழ்ந்து கவிதை. அந்தோனியோ மாட்ரிட்டில் இருந்தார், குடியரசோடு நின்றார். அந்தோனியோவின் நிலைப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனுவேல் அந்த வாரம் ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால்? கொள்கைதான் மனிதரைப் பிரித்தது என்கிறோம். பல வீடுகளில் பிரித்தது அன்றைக்கு யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதுதான்.

1939 ஜனவரி கடைசியில் பார்சிலோனா விழுந்தபோது ஏறக்குறைய 5 லட்சம் பேர் பிரெஞ்சு எல்லையை நோக்கி நடந்தார்கள். அந்தோனியோவும் வயதான தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எல்லைக்கு அப்பால் கொய்யூர் என்ற சின்னக் கடலோர ஊரில் பிப்ரவரி 22 அன்று அவர் இறந்தார். மூன்றாம் நாள் தாயும் போய்விட்டார். தம்பி இறந்த செய்தி கேட்டுப் புர்கோஸிலிருந்து கிளம்பிவந்த மனுவேலுக்கு, அம்மாவும் இல்லை என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய் அதே ஃபிராங்கோவின் நாட்டில் வாழ்ந்து 1947இல் செத்தார். அந்த எட்டு வருடமும் மனிதர் எப்படித் தூங்கியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

சர்வாதிகாரியின் வீடும் தப்பவில்லை என்பது ஒரு கசப்பான வேடிக்கை. சின்ன வயதில் ஃபிராங்கோவோடு சேர்ந்து விளையாடிய உறவுச் சகோதரர், விமானப்படை அதிகாரி, தெத்துவான் விமானத்தளத்தைக் கலகக்காரர்களிடம் ஒப்படைக்க மறுத்தார். அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஃபிராங்கோ தடுக்கவில்லை.

சரி, குடியரசுத் தரப்பு கொல்லவில்லையா என்று கேட்பீர்கள். கொன்றது. அந்தப் பகுதியில் சுமார் 50,000 பேர் கொல்லப்பட்டார்கள். பாதிரியார்கள், துறவிகள், கன்னியாஸ்திரிகள் மட்டும் ஏழாயிரத்தை ஒட்டி வருவார்கள். பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவில் முதல் சில மாதங்கள் பயங்கரமானவை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனவர் என்பதற்காகத் தாத்தாவை இழந்த வீடும் துக்க வீடுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் துக்கத்துக்கு அரசாங்கமே 40 வருடம் மாலை போட்டது. ஊர்த் தேவாலயச் சுவரில் பெயர் பொறித்தார்கள், விதவைகளுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். தோற்றவர்களின் வீட்டில் செத்தவர் பெயரை உரக்கச் சொல்லக்கூட ஆகாது. ஃபிராங்கோ தரப்பு கொன்றது 1 லட்சத்துக்கும் மேல், அதில் பல்லாயிரம் பேரைப் போர் முடிந்த பிறகு நிதானமாகச் சுட்டார்கள்.

வென்றவர்களின் சட்டம் கட்டில்வரை வந்தது. குடியரசு 1932இல் கொண்டுவந்த விவாகரத்துச் சட்டத்தை 1939இல் ஒழித்தார்கள். ஏற்கெனவே விவாகரத்து வாங்கி மறுமணம் செய்தவர்களின் இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று ஆக்க வழி செய்தார்கள். நேற்றுவரை மனைவியாக இருந்தவர் வைப்பாட்டி ஆனார். கணவனின் அனுமதி இல்லாமல் மனைவி வேலைக்குச் சேரவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ முடியாது என்ற நிலை 1975 வரை நீடித்தது.

மலாகா பக்கம் மிஹாஸ் என்ற ஊரின் கடைசி சோசலிஸ்ட் மேயர் மனுவேல் கோர்த்தேஸ். தொழிலால் நாவிதர். 1939இல் ஊர் திரும்பியவர் வீட்டுக்குள் ஒளிந்தார், 1969இல்தான் வெளியே வந்தார். முழுதாக 30 வருடம்! மனைவி ஹூலியானா முட்டை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒருமுறை வீடு மாறியபோது கோர்த்தேஸுக்குக் கிழவி வேஷம் போட்டு ராத்திரியில் நடத்திக் கூட்டிப்போனார்கள். மகள் வளர்ந்து கல்யாணமே ஆகிவிட்டது, அப்பா உள்ளே ஒளிந்திருந்தார். இப்படி வாழ்ந்தவர்களை ஸ்பெயின்காரர்கள் 'தோப்போ' என்கிறார்கள், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி. எனக்கு அவரைவிட அந்த மகளைப் பற்றித்தான் கவலை. வீட்டில் அப்பா இருப்பதை வெளியே வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது என்று பயின்ற குழந்தை!

கத்தலான் குடும்பங்களுக்கு இன்னொரு காயம் கூடுதல். பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர்கள் மொழிக்கு இடமில்லை. பிள்ளைக்கு ஜோர்டி என்று பெயர் வைத்தால் பதிவேட்டில் ஹோர்ஹே. வீட்டில், படுக்கையில், சண்டையில் எல்லாம் கத்தலானிலேயே பேசிய தம்பதிகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும்போது ஸ்பானிஷில் எழுதினார்கள். சொந்த மொழியை எழுதக் கற்றதே இல்லை! மொழிக்காக ரத்தம் சிந்திய ஊர்க்காரனாக இதைப் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. கத்தலோனியாவின் அதிபர் யூயிஸ் கும்பாஞ்ச் பிரான்சிலிருந்து தப்ப வாய்ப்பு இருந்தும், மனநோயாளியான மகனை விட்டுப்போக மனமில்லாமல் அங்கேயே இருந்தார். நாஜிகள் பிடித்துக் கொடுத்தார்கள். 1940 அக்டோபர் 15 அன்று பார்சிலோனாவின் முன்ஜுயிக் கோட்டையில் வைத்துச் சுட்டார்கள்.

1977இல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. அரசியல் கைதிகள் விடுதலையானார்கள், கூடவே கொன்றவர்களும் சித்திரவதை செய்தவர்களும் தப்பித்துக்கொண்டார்கள். 'மறதி ஒப்பந்தம்' என்று இதை உலகமே பாராட்டியது. அப்போது வேறு வழி இருந்திருக்காது, ராணுவம் இன்னும் துப்பாக்கியோடுதான் நின்றது. ஆனால் இதை மறதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மறந்தவர்கள் ஏன் பேச்சு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்கள்? அது பயம். அதைப் பாட்டியிடமிருந்து அம்மா வாங்கினாள், அம்மாவிடமிருந்து மகள் வாங்கினாள். கேள்வி கேட்டது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான். 2000இல் எமிலியோ சில்வா என்ற பத்திரிகையாளர் பிரியரான்சா கிராமத்தில் தன் தாத்தா உட்பட 13 பேரைத் தோண்டி எடுத்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

அசென்சியோன் மெந்தியேத்தாவோ பேத்தி அல்ல, மகள். தொழிற்சங்கக்காரரான அப்பா திமோத்தியோவை 1939 நவம்பரில் குவாதலஹாரா கல்லறைத் தோட்டத்தில் சுட்டுக்கொன்றபோது அவருக்கு 13 வயது. ஸ்பெயின் நீதிமன்றங்களில் வழி கிடைக்காததால் 2013இல், 88 வயதில், விமானம் ஏறி அர்ஜென்டினாவுக்குப் போய் அங்குள்ள நீதிபதியிடம் முறையிட்டார். அந்த நீதிபதியின் உத்தரவால் 2016இல் தோண்டினார்கள். கிடைத்த எலும்புகள் வேறு யாருடையவையோ. 2017இல் பக்கத்துக் குழியைத் தோண்டினார்கள், அப்பா அங்கே இருந்தார். ஜூலையில் மாட்ரிட்டில் அடக்கம் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 93 வயதில், மகளையும் அப்பாவோடு புதைத்தார்கள்.