சிக்னல் செத்துப்போன அந்த மூணு மணி நேரம்

ரயில் மோதாம தானாவே பிரேக் போடுற கவச் வருது, சிக்னலையும் லைன் மாத்துறதையும் கம்ப்யூட்டர்ல கட்டுப்படுத்துற புது எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வருதுன்னு நியூஸ் வந்தா எல்லாரும் ஷேர் பண்றோம், நானும் பண்றேன், ஏன்னா அது கண்டிப்பா வேணும். ஆனா அந்த சிஸ்டம் திடீர்னு படுத்துடுச்சுன்னா ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்வார், லோகோ பைலட் (ரயில் டிரைவர்) கையில என்ன கொடுப்பாங்க, இதை யாருமே கேக்கறதில்ல. எனக்கு அதுதான் பெரிய கவலை.

2024 ஜூன் 17 ஞாபகம் இருக்கா? மேற்கு வங்கத்துல நியூ ஜல்பைகுரி தாண்டி ரங்கபானி பக்கத்துல நின்னுட்டிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மேல பின்னாடியே வந்த கூட்ஸ் மோதி 10 பேர் செத்தாங்க. அந்த செக்‌ஷன்ல, வண்டி போகப் போக தானாவே மாறுற ஆட்டோமேட்டிக் சிக்னல் காலைல 5.50க்கே ஃபெயில், மோதினது 9 மணியை ஒட்டி. நடுவுல மூணு மணி நேரம் ரயிலெல்லாம் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்த பேப்பரை வச்சுத்தான் ஓடுச்சு.

சிக்னல் பழுதானா சிவப்புதான் காட்டும், அப்படித்தான் டிசைன், அதுல தப்பே இல்ல. அப்போ சிவப்பைத் தாண்டிப் போக ஸ்டேஷன் மாஸ்டர் டி/ஏ 912னு ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுப்பார். ரூல்படி பகல்ல ஒவ்வொரு பழுதான சிக்னல்லயும் ஒரு நிமிஷம் நின்னு, அப்புறம் 15 கிமீ வேகத்துக்கு மேல போகாம உருட்டிக்கிட்டே போகணும். ஆனா அன்னைக்குக் கொடுத்த பேப்பர்ல எவ்ளோ வேகத்துல போகணும்னு எழுதவே இல்லைங்க!

ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் ரிப்போர்ட்ல வந்ததைப் படிச்சுட்டு எனக்கு மனசே ஆறல. சிக்னல் போனதுக்கு அப்புறம் அந்த செக்‌ஷனுக்குள்ள போனது ஏழு ரயில், அதுல நின்னு நிதானமா ரூல்படி போனது காஞ்சன்ஜங்கா மட்டும்தான், மத்த ஆறும் அப்படிப் போகல. ஒழுங்கா போன வண்டியைத்தான் 78 கிமீ வேகத்துல வந்த கூட்ஸ் கடைசி நேரத்துல பிரேக் போட்டும் நிக்காம வந்து இடிச்சிருக்கு. ஆனா விபத்து நடந்த அன்னைக்கே, விசாரணைகூட ஆரம்பிக்கல, செத்துப்போன லோகோ பைலட் மேல பழியைப் போட்டாங்க. ஏழுல ஆறு பேர் ஒரே மாதிரி பண்ணா அது எப்படிங்க ஒரு ஆளோட தப்பாகும்? ட்ரெய்னிங் சரியில்லன்னுதானே அர்த்தம். ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லுது, ஆட்டோமேட்டிக் செக்‌ஷன்ல எப்படி ஓட்டணும்னு டிரைவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சரியா சொல்லிக்கொடுக்கலன்னு.

கவச் இருந்திருந்தா இதைத் தடுத்திருக்கலாம், மறுக்கல. ஆனா 2020லயே தேசிய அளவுல ஏத்துக்கிட்ட கவச், இந்த விபத்து நடந்தப்போ தென் மத்திய ரயில்வேல சுமார் 1,465 கிமீலதான் இருந்துச்சு, நம்ம நெட்வொர்க்கோ 68,000 கிமீக்கு மேல. எல்லா இடத்துக்கும் வர்ற வரைக்கும் என்ன பண்றது? வந்த பிறகும் அதுவும் ஒரு மெஷின்தானே, ஃபெயில் ஆகும்.

அப்கிரேட் வேலையே ஆபத்தாகிற கதையும் இருக்கு. 2023 ஜூன்ல ஒடிசால பாலசோர் பக்கம் பாஹாநாகா பஜார்ல கேட் பேரியரை மாத்துற வேலைலயும், அதுக்கு முன்னாடி சிக்னல் சர்க்யூட்ல பண்ண மாத்தத்துலயும் நடந்த தப்பால, மெயின் லைனுக்கு பச்சை விழுந்தும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், கூட்ஸ் நின்னுட்டிருந்த பக்கத்து லூப் லைனுக்குள்ள போய் மோதிச்சு. 290 பேருக்கு மேல போயிட்டாங்க.

வண்டியை ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைனுக்குத் திருப்புற பாயின்ட் மெஷின் வேலை செய்யலன்னா மழையோ வெயிலோ, ஒரு ஆள் கிராங்க் ஹேண்டிலைத் தூக்கிட்டு லைன்ல நடந்து போய் கையாலயே சுத்தி, கிளாம்ப் போட்டு, பேட்லாக் பூட்டின பிறகுதான் வண்டியை விடணும். அப்போ கன்ட்ரோல் ரூம்ல இருந்து "என்னப்பா லேட்டு"ன்னு போன் மேல போன் வந்தா அவர் என்னதான் செய்வார்? அந்த அரை மணி நேரம் வண்டி லேட் ஆனா ஆகட்டும்னு மேல இருக்கவங்க எழுத்துல சொல்லணும்.

ரொம்ப நேரம் சிக்னல் இல்லன்னா ஆட்டோமேட்டிக்கை நிறுத்திட்டு ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே ஒரு வண்டி மட்டும்னு ரூல் ஏற்கனவே இருக்கு, ரங்கபானில அதைச் செய்யல. அதனால கவச்சுக்கு கோடி கோடியா ஒதுக்குறப்போ இதையும் சேத்து ஒதுக்குங்க: எல்லா லோகோ பைலட், கார்டு கையிலயும் வேலை செய்யற வாக்கி டாக்கி, வேகம் பெருசா அச்சடிச்ச ஃபார்ம், வருஷத்துல சில தடவையாவது சிக்னல் இல்லாம வண்டி விடுற பயிற்சி, அதை யார் முடிச்சாங்க யார் முடிக்கலன்னு டிவிஷன்வாரியா வெளிய தெரியற கணக்கு.