சாமியறைச் சரஸ்வதி
மோனாலிசா போல அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கிற ஓவியம்தான் தலைமுறை தாண்டி நிற்கும் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியர் ரவிவர்மா வரைந்த மூலப் படத்தை மட்டக்களப்புப் பக்கம் எங்கள் களுவாஞ்சிகுடியில் யார் பார்த்தது? 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தன. அம்மம்மாவின் சாமியறையில், கரையான் அரித்த சட்டத்துக்குள், அதே வெள்ளைச் சேலை, வீணை, பக்கத்தில் மயில். வாணி விழாவுக்குத் தங்கச்சிக்குச் சரஸ்வதி வேடம் போட்டபோது அம்மா அந்தப் படத்தைக் கழற்றி வைத்துப் பார்த்துத்தான் சேலை மடிப்பு எடுத்தார். வீணை மட்டும் காட்போட் மட்டை, பூசை முடிவதற்குள் நடுவில் வளைந்துபோனது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கலண்டர் படமெல்லாம் கலையா என்கிறார். சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிச் சரஸ்வதியை நினைத்தால் அவருக்கு வேறு எந்த முகம் வருகிறதாம்?