ஸ்டூடிபேக்கர் தொழிலாளர்களின் ஓய்வூதியம்

அமெரிக்கக் கார் நிறுவனமான ஸ்டூடிபேக்கர் என்றாலே பழைய கார்ப் பிரியர்கள் 1953ஆம் ஆண்டின் தாழ்வான இருகதவுக் கூப்பேயையும், ரேமண்ட் லோவியின் குழு வடிவமைத்துக் கண்ணாடியிழை உடலோடு வெளிவந்த அவாந்தியையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அவை அழகான வண்டிகள் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதலில் பேசப்பட வேண்டியது, அது மூடப்பட்டபோது தொழிலாளர்களுக்கு நேர்ந்த கதிதான்.

1852இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஹென்றி, கிளெமென்ட் என்ற சகோதரர்கள் 68 டாலர் முதலீட்டில் தொடங்கிய கொல்லுப்பட்டறை அது. தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியா சென்ற தம்பி ஜான், சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகள் செய்து விற்று, சேர்த்த 8,000 டாலரை 1858இல் ஊருக்குக் கொண்டுவந்து பட்டறையில் போட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வண்டிகள் செய்து கொடுத்து வளர்ந்த நிறுவனம், 1902இல் மின்சாரக் காரையும் 1904இல் பெட்ரோல் காரையும் விற்கத் தொடங்கியது. குதிரை வண்டி செய்தவர்களில் இப்படி மோட்டாருக்கு மாறித் தாக்குப்பிடித்தவர்கள் மிகச் சிலரே.

பெருமந்தக் காலத்தில் விற்பனை சரிந்தபோதும், தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையை வாரி வழங்கினார். 1933இல் நிறுவனம் நொடித்துப்போனது. அதிலிருந்து மீண்டதே பெரிய சாதனை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலையைக் குறைத்து மோதிக்கொண்டபோது, அதிக உற்பத்திச் செலவைச் சுமந்திருந்த ஸ்டூடிபேக்கரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1954இல் பேக்கர்டு என்ற இன்னொரு கார் நிறுவனத்துடன் இணைந்தும் பலனில்லை. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையின் கார் உற்பத்தி நின்றது. கனடாவின் ஹாமில்டனில் அது 1966 வரை நீடித்தது.

ஓய்வூதியத் திட்டம் 1950இல் தொடங்கப்பட்டது. பழைய பணிக்காலத்துக்கும் சேர்த்து ஓய்வூதியம் தருவதாக வாக்களித்துவிட்டு, அதற்கான பணத்தைப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். ஆலை மூடியபோது நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும், 60 வயதை எட்டிய தகுதியுள்ளவர்களுக்கும் முழுத்தொகை கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையிலான, ஓய்வூதிய உரிமை பெற்றிருந்த சுமார் 4,000 பேருக்கு, சேர வேண்டியதில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே ஒரே தவணையாகக் கொடுக்கப்பட்டது. இவர்களின் சராசரிப் பணிக்காலம் 23 ஆண்டுகள். வேறு வேலை தேடும் வயதைக் கடந்துகொண்டிருந்தவர்களிடம் இப்படி நடந்துகொண்டதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

இந்த அநீதியைத் தொழிற்சங்கமும் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் போன்றவர்களும் தொடர்ந்து எடுத்துரைத்ததன் விளைவாக, 1974 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தில், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறுவனம் நொடித்தாலும் வரம்புக்குட்பட்ட ஓய்வூதியம் கிடைக்க அரசுக் காப்பீட்டு அமைப்பும் உருவானது. அவாந்தியைவிட இந்தச் சட்டத்தையே நான் ஸ்டூடிபேக்கரின் பெரிய எச்சமாகக் கருதுகிறேன். ஆனால் அந்தக் காப்பீடு பழைய இழப்புகளுக்குப் பின்னோக்கிச் செல்லவில்லை; சவுத் பெண்ட் தொழிலாளர்கள் இழந்த 85 விழுக்காட்டை அது திருப்பித் தரவில்லை.